இறங்குதுறையில் இரண்டு மருமகன்மார்

நெடுந்தீவில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. அந்த இனம் ஆபிரிக்காவில் நிறைய உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். விமானச் செலவு மிச்சம் என்று இந்தியாவிலிருந்து ஒரு நகைச்சுவைப் படக்குழு எங்கள் தீவிலேயே ஆபிரிக்காவை எடுக்க வந்துவிட்டது. கதை புதுமையோ புதுமை. பணக்காரப் பெண்ணைக் கட்டுவதற்காக ஒருவன் முகத்தில் கறுப்பைப் பூசி, சுருட்டை முடி மாட்டி, ஆபிரிக்க மாப்பிள்ளையாக வருகிறான். வாயைத் திறந்தால் "ஊகா பூகா" என்பான். அங்கே நாம் சிரிக்க வேண்டும். எங்கள் பேச்சை இந்தியப் படங்களில் கடித்துத் துப்பியபோது கோபித்த அதே தீவுச் சனம், ஊகா பூகாவுக்குக் கூடிநின்று சிரித்தது.

அந்தக் கிழமைதான் அக்காவின் மருமகன் முதன்முதலாக வரவிருந்தார். பாரிசில் பிறந்தவர், தாய் தகப்பன் செனகல்காரர். மகள் அவரைக் கட்டிய நாளிலிருந்து அக்கா அவளோடு கதைக்கவில்லை. பேரனின் படத்தைக் கண்ட பிறகுதான் இளகி, "வரச் சொல்லு" என்றாள். வரவேற்பில் ஒரு பிழை விட்டாலும் மகள் இனித் திரும்பிப் பாராள் என்ற பயம் அவளை அரித்தது. மருமகனின் முகத்தையோ கல்யாணப் படத்தில் ஒரேயொரு தரம், அதுவும் கோபத்தோடு பார்த்தவள்.

காலையிலேயே என்னையும் இழுத்துக்கொண்டு ஆலாத்தித் தட்டோடு துறைக்குப் போய்விட்டாள். ஒரு படகிலிருந்து கோட்டுப் போட்ட கறுத்த மனிதர் இறங்கினார். முன்னால் கமராக்காரர், தலைக்கு மேலே ட்ரோன். வெளிநாட்டுக் குடும்பங்கள் கமரா இல்லாமல் ஊரில் கால் வைப்பதில்லை என்பதால் அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. மகளும் பேரனும் பின்னால் இறங்குவார்கள் என்று எண்ணிவிட்டாள். இரண்டு பேர் சேர்ந்து எடுக்கவேண்டிய ஆலாத்தியை, நான் குடையை மடக்குவதற்குள் தனியாகவே சுற்றிவிட்டாள்.

"வாங்கோ தம்பி, வாங்கோ," என்று நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்தாள். விரல் கறுத்துப்போய் வந்தது.

நடிகர் "ஊகா பூகா" என்றார். படக்குழு வயிறு குலுங்கச் சிரித்தது. இயக்குநர் ஓடிவந்து, "அம்மா, பிரமாதம். அதையே இன்னொரு தடவை பண்றீங்களா?" என்று கேட்டார். குடையால் அவர் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது எனக்கு.

அதற்குள் பயணிகள் படகு வந்து கட்டியது. கைக்குழந்தையோடு மகள், பக்கத்தில் சாதாரண சேட்டும் காற்சட்டையுமாக அவள் கணவர். நடந்ததெல்லாம் படகிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். மகளின் முகம் இறுகிக் கிடந்தது. இயக்குநர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரைப் பார்த்தா அவ்வளவா ஆப்பிரிக்கா மாதிரி தெரியலையே" என்று உதவியாளரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒருவருக்குச் சுற்றியதை இன்னொருவருக்குச் சுற்ற ஏலாது. நான் கடைக்கு ஓடிப்போய் வாழைப்பழம் வாங்கிவந்து வெட்டி, துண்டுகளில் புதுத் திரி வைத்துக் கொளுத்தினேன். இந்த முறை இரண்டு பேருமாக எடுத்தோம். அக்கா பொட்டு வைத்தாள். வைத்தவள், தன்னை அறியாமலே விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

அவர் அதைக் கண்டுவிட்டார். மனைவி படிப்பித்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ மாமி. இது கழுவினாலும் போகாது."

அக்கா அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். பேரனைத் தூக்கக் கை நீட்டவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. மகள் தாய்க்குக் கிட்ட வந்தாள். பிறகு தலைப்பை விலக்கி, அந்தக் கையிலேயே பிள்ளையைக் கொடுத்தாள்.