கோமதியைப் பற்றி நான் சொன்ன பொய்

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கோமதியின் கணவர் சங்கர் போன் செய்தார். "பிரபா, கோமதி போயிட்டா" என்றார். எங்கே போனாள் என்று கேட்டேன். மடச்சி, அப்படித்தான் கேட்டேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. முந்தின நாள் லைப்ரரியில் மயங்கி விழுந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். முப்பத்தெட்டு வயது! தலைவலி என்றுகூட அவள் படுத்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்டினில் அவளைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. என்ன படித்தாள் என்றுதான் பலருக்குத் தெரியாது. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாவற்றுக்கும் தாயான பழைய ஜெர்மானிய மூலமொழி. அதில் ஒரு புத்தகம்கூட மிஞ்சவில்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டு, தாய் எப்படிப் பேசியிருப்பாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். "செத்த மொழியைப் படிச்சு என்னடி பண்ணப் போற? கிரீன் கார்டு தருவானா?" என்று சீண்டினேன். "சாகலை. நீ தினம் ஆபீஸ்ல பேசுறியே, அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள்.

அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க அந்த மொழியின் வினைச்சொற்கள், ஏழு வகையாகப் பிரித்து ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் ஒரு நட்சத்திரக் குறி. முக்கியமான சொற்களோ என்று கேட்டேன். "ஐயோ, இல்ல. இதை யாரும் எழுத்துல பார்த்ததில்ல, நாங்களா ஊகிச்சதுன்னு அர்த்தம். ஸ்டார் போடாம குடுத்தா புரொபசர் கிழிச்சே போட்டுடுவார்" என்று சிரித்துக்கொண்டே சாம்பாரைக் கிளறினாள்.

போன வருஷம் சங்கருக்கு டாலஸுக்கு மாற்றலாயிற்று. சில வாரம் கழித்து, யுனிவர்சிட்டிப் பக்கத்து அபார்ட்மென்ட் ஒன்றின் மாடிப்படியில் கோமதி தனியாக ஒரு மெத்தையை இழுத்துக்கொண்டு ஏறுவதைக் காரிலிருந்து பார்த்தேன். இறங்கி ஒரு கை கொடுத்திருக்கலாம். நான் வீட்டுக்குப் போய் போனை எடுத்தேன். "ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க போல" என்று இரண்டே பேரிடம் சொன்னேன். பொங்கல் விழாவுக்குள் ஹூஸ்டன் வரை தெரிந்துவிட்டது. அங்கிருந்து திருநெல்வேலியில் அவள் அம்மாவின் காதுக்கும் போயிற்று. அந்த அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

கோமதி நேராக என் வீட்டுக்கு வந்தாள். கத்தவில்லை. "ஒத்த மெத்தையை வச்சு ஒரு டைவர்ஸையே கட்டிட்டியேடி! நாங்க ஒரு வார்த்தைக்கு நாலு மொழியில சாட்சி தேடுறோம். நீ என்னைக் கேட்டிருக்கலாம்ல? நான் உயிரோடதானே இருக்கேன்?" என்றாள். தீசிஸ் முடிக்கத்தான் அந்த அறை. வெள்ளிக்கிழமை ஆனால் டாலஸுக்கு டிரைவ் பண்ணிப் போய்விடுவாள். "சொன்னவங்ககிட்ட எல்லாம் நீயே மாத்திச் சொல்லிடு" என்றாள். சரி என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. அவமானமாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு மாதம் ஓட்டினேன். அவள் முகத்தில் விழிக்கவும் கூசி, அவள் வரும் விசேஷங்களுக்கெல்லாம் போகாமல் இருந்தேன்.

இன்று வியாழக்கிழமை. இன்று மதியம் அவள் தன் தீசிஸைப் பேராசிரியர்கள் முன்னால் பேசி நிலைநாட்டியிருக்க வேண்டும். ஆறு வருஷ உழைப்பு. அதற்கென்று ஒதுக்கியிருந்த அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

அதனால் இன்றே நம் தமிழ்ச் சங்கத்தார் எல்லாருக்கும் எழுதுகிறேன். கோமதியும் சங்கரும் ஒருநாளும் பிரியவில்லை. நான் சொன்னது பொய். அதைக் கேட்டவர்களும் மற்றவர்களுக்குச் சொன்னவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து நீங்கள் யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். திருநெல்வேலிக்கு நானே பேசிவிட்டேன். "இதை அவ இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று மட்டும் அந்த அம்மா கேட்டார்.

என்னிடம் மிஞ்சியிருப்பது, போனை எடுக்காவிட்டால் பேசுவதைப் பதிவு செய்யும் ஆன்சரிங் மெஷினின் சின்ன டேப் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தபோது நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. "வியாழக்கிழமை என் டிஃபென்ஸ். நீ வந்து கடைசி பெஞ்ச்ல உக்காரு, எனக்கு அது போதும். பழசெல்லாம் விடு" என்கிறாள். ஆனால் போனை வைக்கவில்லை. அப்புறம், "வீட்லதான இருக்க? எடேன்டி" என்கிறாள்.