பச்சை விளிம்புப் பேணி

மானிப்பாயில் நான் படிப்பிக்கிற பயிற்சி நிலையத்துக்கு நோயாளர் பராமரிப்புப் படிக்க வந்தபோது லூர்த்தம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. மற்றவர்கள் அவளுடைய மகள்மாரின் வயதுப் பிள்ளைகள். பண்டத்தரிப்புப் பக்கத்தில் பிறந்தவள். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராததால் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துப் பிழைத்தாள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் குணலட்சுமி ரீச்சரின் கணவர். பாரிசவாதம், ஒரு பக்கம் அசையாது. இரண்டு வருடம் அவரைக் கழுவித் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி பருக்கினாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. லூர்த்தம்மாவின் கையைப்போல் சுத்தமான கை கிடையாது என்று ரீச்சர் வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் அவள் தேத்தண்ணீர் குடிப்பதற்கு ஒரு எனாமல் பேணி கிணற்றடிச் சுவரில் ஆணியில் தொங்கியது. பச்சை விளிம்பு, அடியில் பூச்சுக் கழன்றது. அவளுடைய சாதியார் வீட்டுப் பேணியில் வாய் வைக்கக்கூடாது.

கணவர் செத்து எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த அன்று ரீச்சர் சொன்னாராம்: "உந்தப் பேணியை நீயே கொண்டு போ, லூர்த்து. இங்கை இனி ஒருத்தருக்கும் உதவாது."

கொண்டு போனாள். தன் அடுப்படியில் கண்படுகிற இடத்தில் வைத்தாள்.

சித்திரையில் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போவதாக முடிவாயிற்று. காலையில் தென்மராட்சிக் கடல்நீரேரிக் கரையில் சேற்றில் வேர்விட்ட பழைய கண்டல் காடு, பின்னேரம் மீன் காட்சிச்சாலை. நிலையத்தின் நிர்வாகக் குழுவில் இருந்த குணலட்சுமி ரீச்சரும் வருகிறார் என்றதும் லூர்த்தம்மா என்னிடம் வந்தாள்.

"ரீச்சரை அந்தப் பேணியிலை குடிக்க வைக்கவேணும் மிஸ். எல்லாரும் பாக்க."

"அவ போத்தல் கொண்டு வருவா. உன்ரை பேணி என்னத்துக்கு?"

"பாப்பம்."

நான் தடுக்கவில்லை. தடுக்கிற எண்ணமும் இல்லை.

காட்டு வாசலில் காவலாளி மறித்தார். பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றும் உள்ளே போகக்கூடாது. எல்லாவற்றையும் பஸ்சில் போட்டுவிட்டு இறங்கினோம். லூர்த்தம்மாவின் பையில் இருந்தது சில்வர் போத்தல். காவலாளி அதை விட்டுவிட்டார்.

ரீச்சர் முன்னால் நடந்தார். ஆரும் பிறக்க முந்தின மரங்கள், வேரைப் பாருங்கோ, காயைப் பாருங்கோ என்று வாய் ஓயவில்லை. பலகைப் பாதை முடிந்து சேறு தொடங்கிய இடத்தில் பேச்சு நின்றது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறி, வேர்வை ஊற்றியது. வேரில் இருத்தி நாடி பார்த்தேன். வேகம்தான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை.

"தண்ணி வேணும்" என்றேன்.

லூர்த்தம்மா பையைத் திறந்தாள். பேணியை வெளியே எடுத்து, அவசரப்படாமல் விளிம்புவரை வார்த்தாள். ரீச்சர் அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்தார்.

"உது..."

"ஓம் ரீச்சர், உங்கடை கிணத்தடிப் பேணிதான். சாம்பல் போட்டு மினுக்கினனான்."

"போத்தலைத் தா. அண்ணாந்து குடிக்கிறன்."

"தலைச்சுத்துக்காரர் அண்ணாந்து குடிச்சால் புரைக்கேறும். மிஸ்தான் படிப்பிச்சவ."

ரீச்சர் என்னைப் பார்த்தார். "அது சரிதான்" என்றேன்.

ஒன்றும் தெரியாத மாணவி தர்சிகா எட்டிப் பார்த்தாள். "வடிவான பேணி! எங்கையக்கா வாங்கினீங்கள்?"

"ரீச்சர் தந்தது."

ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். லூர்த்தம்மா பிடரியைத் தாங்கி மிடறு மிடறாகப் பருக்கினாள். ஒரு துளி சேலையில் சிந்தவில்லை. பருக்கிக்கொண்டே, அந்தப் பேணி எங்கே தொங்கியது, ஏன் தொங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொன்னாள். முடிந்ததும், "இன்னும் விடட்டே ரீச்சர்?" என்று கேட்டு இரண்டாம் முறையும் நிரப்பினாள்.

தர்சிகாவின் சிரிப்பு போய்விட்டது. "அப்ப உங்கடை வீட்டிலை எனக்கும் ஒரு ஆணி இருக்கோ, ரீச்சர்?"



பின்னேரம் மீன் காட்சிச்சாலையில் பிள்ளைகள் கலவாய் மீனைக் கண்டு, "உது பொரியலுக்கோ குழம்புக்கோ அக்கா?" என்று லூர்த்தம்மாவைக் கேட்டார்கள். "உவன் கிழவன், குழம்புக்குத்தான்" என்றாள். அன்று முழுக்க அவள் சிரித்தது அப்போதுதான். பிள்ளைகள் அடுத்த தொட்டிக்குப் போன பிறகு ரீச்சர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். நான் பின்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

"லூர்த்து, உந்தப் பேணியைத் தாவன். புதுசாய் ஒரு செற் வாங்கித் தாறன்."

"வேண்டாம்."

"ஒருத்தருக்கும் உதவாத சாமான்."

"இண்டைக்கு உதவினது எல்லோ."

"ஊரெல்லாம் காட்டப் போறியே?"

"கேக்கிற ஆக்களுக்குக் காட்டுவன்."

படிப்பை முடித்த லூர்த்தம்மாவுக்கு இப்போது வல்வெட்டித்துறையில் ஒரு வீட்டில் நோயாளி பார்க்கிற வேலை. வீட்டுக்காரரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறாள். அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் போனாள். போகும்போது பேணியை எங்கள் நிலையத்தில் தந்துவிட்டுப் போனாள். குழுக் கூட்டத்தில் தேத்தண்ணீர் கொடுக்கும்போது குணலட்சுமி ரீச்சரின் கதிரைக்கு முன்னால் வைக்கவேண்டும் என்பது அவளுடைய சொல். பிள்ளைகள் அப்படியே வைக்கிறார்கள்.

ரீச்சர் இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை. வந்தால் ஊற்றுவதற்குப் பேணியை நானே கழுவித் தயாராக வைத்திருக்கிறேன்.