உருகுவதற்கு முன் சொன்ன உண்மை

என் பெயர் சிவநேசன். வத்தேகம கடைவீதியில் இன்று பரவிய தவறான செய்தி ஒன்றைத் திருத்துவதே இப்பதிவின் நோக்கம்.

மாலை நான்கு மணியளவில் றிஸ்வி நானாவின் கடை வாசலில் நீண்ட வரிசை நின்றது. நானா ஐஸ்கிரீமை இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தார்.

"நெலக்கரி கரண்ட் பிளான்ட்ட மூடி இடிச்சிட்டாங்களாம் சேர். இனி ரெண்டு மூணு நாளைக்குக் கரண்ட் இல்ல. எல்லாம் உருகிப்போக முந்தி நீங்களும் ஒண்டு எடுங்க."

சான்றாக, வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைக் காட்டினார். உயர்ந்த புகைபோக்கி ஒன்று மெல்லச் சாய்ந்து புழுதிக்குள் விழுந்தது. இரண்டு முறை பார்த்தேன்.

"நானா, தரையெல்லாம் வெள்ளையா பனி கெடக்கே. இது நம்ம நாடே இல்ல."

"நுவரெலியாவா இருக்கும், அங்கதானே நல்லாக் குளிரும்," என்றார் எனக்கு முன்னால் நின்ற அம்மா.

காணொளியின் மூலையிலிருந்த ஜெர்மன் எழுத்துகளைக் காட்டினேன். நானா குளிர்பெட்டியைப் பட்டென்று மூடினார்.

அடுத்ததாக வாங்கவேண்டிய அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் சேர், இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கும் கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வீடு வந்து அரை மணி நேரத்தில், மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்ததால் ஊர் முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டது. நாளை காலைதான் வருமாம். நிலக்கரிக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

இதை நானாவிடம் நேரில் விளக்குவது என் கடமை. உடன் வர விரும்புவோர் கீழே தெரிவிக்கலாம்.

நான் என் கரண்டியுடன் இப்போதே புறப்படுகிறேன்.