வாசல் மரத்தில் காய்த்த பட்டு

எங்கள் வாசல் சைப்ரஸ் மரம் காய்த்துவிட்டது என்று போன மாதம் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் பெருமை அடித்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அது காய் இல்லை... புழு.

கண்டுபிடித்தது என் மனைவி. "ஏன்னா, உங்க காய் நடக்கறது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். நடந்தது. இலைத் துணுக்கையும் குச்சியையும் ஒட்டிக் கட்டின சின்னப் பை. அதற்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி ஒரு புழு சாவகாசமாக இலையைத் தின்றுகொண்டிருந்தது. மரம் முழுக்க இதே மாதிரி பைகள். காய் என்று நம்பி, தெருவோடு போன தாசில்தாரை ஜட்காவிலிருந்து இறக்கி இதையா காட்டினேன்?

என் மைத்துனர் பெங்களூரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி அது. அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. ஒரு பக்கம் காவி நிறமாகக் காய்ந்திருப்பதைப் பார்த்து மனைவி அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை. பைகளைப் பறித்துப் போட மண்ணெண்ணெய் டப்பாவோடு கிளம்பினேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா குப்புசாமி வரவேண்டும்? பிள்ளையார்பாளையத்து நெசவாளி. என் மகள் கல்யாணப் புடவைக்கு என்ன கரை என்று கேட்க வந்தவர்.

"கைய வெச்சிடாதீங்க சாமி. பட்டுக்கூடு மாதிரி இருக்குதே" என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஊரே பட்டு நெய்கிறது. ஆனால் பட்டு இங்கே நூலாகத்தான் ரயிலில் வந்து இறங்குகிறது. புழுவின் முகத்தை யார் பார்த்தது — அவரா, நானா?

டப்பாவைக் கீழே வைத்தேன். சொந்த மரத்துப் பட்டில் மகளுக்குப் புடவை... ஆசை யாரை விட்டது? நாலு நாள் காவல் காத்தேன். புழுவைக் கொத்த வந்த காக்காயைக்கூட விரட்டினேன். புழு தின்றது, மரம் காய்ந்தது.

ஐந்தாம் நாள் மனைவியே குப்புசாமிக்குச் சொல்லி அனுப்பினாள். "பட்டுக்கூடுன்னா வெந்நீர்ல போட்டுத்தானே இழை எடுப்பா? மரத்துலயே வெச்சுண்டு என்ன பண்றது?"

நியாயம்தானே? குப்புசாமி, சாயம் காய்ச்சுகிற கொப்பரையைத் தம்பிமாரோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கைக்கு எட்டின பையெல்லாம் கொப்பரைக்குப் போயிற்று. ஒரு மணி நேரம் கிளறினோம். குச்சிக் கஷாயம்தான் வந்தது.

"இழையே வரல சாமி. இது பட்டு இல்லீங்க" என்றார் குப்புசாமி.

உச்சியில் இன்னும் இருபது முப்பது பை தொங்கிற்று. விட்டால் மறுபடி மரம் முழுக்கப் பரவும். ஆனால் ஏணி ஏறுகிற வயசா எனக்கு? உள்ளே போகத் திரும்பினேன்.

"கீழே இருக்கறதுல வராதுதான்" என்றாள் மனைவி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "உச்சியில இருக்கறது ஜரிகைக்கூடாக்கும். வெயில்ல மினுங்கறது பாருங்கோ."

பார்த்தேன். சத்தியமாக மினுங்கியது. அடுத்த நிமிஷம் ஏணியில் இருந்தேன்.

கடைசிப் பையையும் பறித்து வேஷ்டியில் முடிந்துகொண்டு இறங்கினேன். அதுவரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற குப்புசாமி மெதுவாகச் சொன்னார்: "ஜரிகைன்னா வெள்ளிக் கம்பிங்க சாமி. அத்த எந்தப் புழுவும் போடாது."

மரம் பிழைத்துவிட்டது. காய்ந்த பக்கத்திலும் நேற்று பச்சை தெரிந்தது. மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மரத்துப் பூச்சிக்கு என்ன மருந்து என்று யாராவது கேட்டு எழுதினால் என்னிடம் பதில் தயார் — ஒரு ஏணி, பேராசை பிடித்த ஒரு புருஷன்.