புகை ஒத்துக்கொள்ளாத அதிகாரி

தொண்ணூற்றொன்றில் படப்பையைத் தாண்டியிருந்த ஒரு சோதனைக்கூடத்தில் நான் பொறியாளராக இருந்தேன். ரயில் பெட்டிகளுக்கான பிரேக் கட்டைகளைச் சுழலும் சக்கரத்தில் அழுத்தி, சூட்டில் விரிசல் விடுகிறதா என்று பார்ப்போம். முடிவை ஏற்றுக் கையெழுத்துப் போட மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து ஓர் அதிகாரி பஸ்ஸில் வருவார். படிய வாரிய தலை, பவுடர் பூசிய கழுத்து, கையில் மடித்த கைக்குட்டை. கட்டை சூடேறிப் புகை கிளம்பியதும் கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும்.

“போதும் சார், நிறுத்துங்க. கண்ணு எரியுது.”

“பாதி சோதனைகூட ஆகல சார்,” என்பேன்.

“இன்னா சார், என்னக் கருவாடாக்கப் பாக்கறீங்களா? கட்டை நல்லாத்தான் இருக்கு.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு முதல் ஆளாக உட்காருவார். அவருக்குக் கீழே நானும் கையெழுத்திடுவேன். கட்டைகள் ரயிலுக்குப் போய்விடும். மறுத்திருந்தால் என் வேலை போயிருக்காது. வாதாடச் சலிப்பு, அவ்வளவுதான்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்: “பஸ்ல குலுங்கிக்கினு வர்றீங்களே, தாம்பரம் வரைக்கும் ரயில்ல வரலாமே சார்?”

“உங்க கட்டைய நம்பியா? நான் புள்ளகுட்டிக்காரன் சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அற்ப மனிதர் என்று அவரைப் பல வருடம் ஏசியிருக்கிறேன். ஆனால் அவராவது பயந்தார். அந்தக் கோடை விடுமுறையில் மனைவியையும் இரண்டு பெண்களையும் எழும்பூரில் ரயிலேற்றிவிட்டேன். தண்ணீர்க் கூஜாவின் மூடி இறுகியிருக்கிறதா என்று இருமுறை திருகிப் பார்த்தேன். குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை.