ஏழாம் நம்பரும் அக்காவின் சுண்டுவிரலும்

சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்காமல் அக்கா எதையும் கையில் வாங்க மாட்டார். தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் துப்பாக்கி அறை அது. கம்பி ஜன்னலுக்கு வெளியே, வேலை முடிந்த காவலர்கள் வரிசையாக நிற்பார்கள். உள்ளே உயரம் போதாமல் இரண்டு மெத்தைத் துண்டுகளை அடுக்கி அதன்மேல் அக்கா உட்கார்ந்திருப்பார். காவலர் நீட்டும் கைத்துப்பாக்கியின் குழாய், பக்கத்தில் வைத்திருக்கும் மணல் வாளியைப் பார்க்க வேண்டும். குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும். துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, பக்கத்தில் இருக்கும் லாக்கைக் கட்டைவிரலால் தூக்கி, அது திரும்ப முன்னால் வராதபடி மாட்ட வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு, குண்டு உட்காரும் குழிக்குள் அக்காவின் சுண்டுவிரல் போகும், ஒரு சுற்று சுற்றும், வெளியே வரும். "காலி" என்பார். அப்புறம்தான் அந்தத் துப்பாக்கி அவர் பொறுப்பு.

"கண்ணுக்கே தெரியுதேக்கா" என்று யாராவது அலுத்துக்கொண்டால் பதில் தயாராக இருக்கும்.

"கண்ணு அவசரத்துல இருக்கறதை விட்டுடும், இல்லாததைப் பாத்துடும். விரலுக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது."

பதினெட்டு வருடப் பழக்கம் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. காலணி மாட்டுவதற்கு முன் விரல். பிளாஸ்கைக் கழுவுவதற்கு முன் விரல். துவைக்கப் போடும் சட்டைப் பைகளில் எல்லாம் விரல். தெருமுனையில் சாவி செய்யும் கடை வைத்திருக்கும் அவர் கணவர், "என் பையில என்ன இருக்குன்னு எனக்கே இவ சொல்லித்தான் தெரியும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அறையில் இருக்கும் இருபது துப்பாக்கிகளும் அக்காவுக்குக் குணத்தோடு அறிமுகம். மூன்றாம் நம்பர் சாது. பதினொன்று எதற்கெடுத்தாலும் கிறீச்சிடும், அதனால் வாயாடி. ஏழாம் நம்பர் முரடு. அதன் லாக் லேசில் ஏறாது. ஏழாம் நம்பர் கிடைத்த காவலர்கள் ஜன்னலில் நின்று கட்டைவிரல் சிவக்க மல்லுக்கட்டுவார்கள், துப்பாக்கியைச் செய்தவனின் வம்சத்தையே வாழ்த்துவார்கள். அக்கா அசையாமல் வேடிக்கை பார்ப்பார்.

"ஸ்லைடு முழுசா பின்னால போனாத்தான் லாக் ஏறும். பாதி வழியில நிறுத்திட்டு கட்டைவிரலைத் திட்டி என்ன பிரயோஜனம்? இழுக்கற கையை அப்படியே பிடி, பிடியை முன்னால தள்ளு. ஆ, அவ்வளவுதான். இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

அக்காவின் மகளைக் கட்டியவரும் அந்த நிறுவனத்தில்தான் காவலர். ஆள் வாட்டசாட்டம், பொறுமை மருந்துக்கும் கிடையாது. வீட்டுக்கு வந்தால் அக்கா, "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்று எழுந்து நிற்பார். ஜன்னலில் அவரே "முப்பத்திரண்டு, திறந்து காட்டு" என்பார். சட்டையில் குத்தியிருக்கும் எண் அது. "அத்தை மரியாதையை வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வருவாங்களோ?" என்று மாப்பிள்ளை மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். அது அக்காவின் காதுக்கு எட்டியது. "ஆமா, செருப்பு மாதிரி. திரும்பிப் போகும்போது மறக்காம மாட்டிக்கறேன்ல?" என்றார்.

அந்த முப்பத்திரண்டுக்குத்தான் போன வருடம் ஏழாம் நம்பர் வாய்த்தது. ஒரு மாதம் போல மல்லுக்கட்டினார். பிறகு ஒரு நாள் மாலை, கட்டைவிரல் பட்டதும் படாததுமாக லாக் ஏறிவிட்டது. "என்ன, இன்னிக்கு இவ்வளவு சமத்து?" என்று கேட்டுக்கொண்டே அக்கா விரலை உள்ளே விட்டார். மாப்பிள்ளையின் முழங்கை ஜன்னல் கம்பியில் லேசாக இடித்தது. ஸ்லைடு படாரென்று முன்னால் பாய்ந்து விரலைக் கவ்விக்கொண்டது. வரிசையே "ஐயோ" என்றது. மாப்பிள்ளை பதறிப்போய் ஸ்லைடை இழுத்தார். அக்கா ரத்தம் சொட்டும் விரலை வெளியே எடுத்தார், பல்லைக் கடித்தார், பிறகு "காலிதான்" என்றார்.

எலும்பு தப்பியது, நகம் போனது. மறுநாள் காலை கட்டுப்போட்ட விரலோடு வந்து ஏழாம் நம்பரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். லாக்கின் முனையை யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள். தேய்த்த இடம் புதிதாகப் பளபளத்தது. ஏறுவது சுலபமாகியிருந்தது, நிற்பதுதான் போய்விட்டது. முந்தின வாரம் அவர் கணவர் சின்ன அரத்தைக் காணோம் என்று கடையைத் தலைகீழாகப் புரட்டியது நினைவுக்கு வந்தது. முடிச்சுப் போட அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மெக்கானிக் தவிர வேறு யார் துப்பாக்கியில் கருவி வைத்தாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். மேலாளர் வந்து நின்றார்.

"யார் வேலைன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப சொல்லுங்க."

"நான் சொன்னா அவர் வேலை போறதோட முடிஞ்சிடும். அவரா வந்து சொன்னா, என்னைக்காவது அவர் கையிலேர்ந்து திரும்ப ஒரு துப்பாக்கியை நான் நம்பி வாங்கலாம். அஞ்சு மணி வரைக்கும் விடுங்க. வரலைன்னா நானே எழுதித் தரேன்."

மதியம் வரை மாப்பிள்ளை வரவில்லை. மகள் வீட்டில் அடுப்பெரிவது இந்த ஒரு சம்பளத்தில். அக்கா தாளை எடுத்து வைத்து முப்பத்திரண்டு என்று எழுதினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. விரல் நசுங்கியபோது வராத பயம் அப்போது வந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார். எழுதித் தந்திருப்பாரா என்று கேட்டால், "அதிலென்ன சந்தேகம்?" என்கிறார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது.

நாலரை மணிக்கு மாப்பிள்ளை ஜன்னலைத் திரும்பிப் பார்க்காமல் நேரே மேலாளர் அறைக்குள் போனார். தானாக வந்து சொன்னதால் வேலை தப்பியது. மூன்று மாதம் ஆயுதம் இல்லாமல் வாசல் கேட்டில் நிற்க வேண்டும் என்று தண்டனை.

சாயங்காலம் அவர் அரத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் நின்றார். பெரியவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "என் அரத்து மேல ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார். அக்கா பார்த்த பார்வையில் வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று அக்கா பரிமாறியதோடு சரி. அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

போன மாதம் தண்டனை முடிந்தது. ஏழாம் நம்பருக்குப் புது லாக் வந்திருக்கிறது, பழையதைவிட முரடு. யாருக்கு எது என்று தீர்மானிப்பது அக்கா. முதல் நாள் காலை அவர் ஏழாம் நம்பரையே மாப்பிள்ளை பக்கம் தள்ளினார்.

மாலையில் வரிசை நகர்ந்து மாப்பிள்ளை முறை வந்தது. மாப்பிள்ளை குழாயை மணல் வாளிப் பக்கம் திருப்பினார், மேகசினைக் கழற்றினார். முதல் இழுப்பில் லாக் ஏறவில்லை. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, ஸ்லைடை முழுசாகப் பின்னால் கொண்டுபோய், பிடியை முன்னால் தள்ளினார். ஏறியது. பாதி நகம் முளைத்த அந்தச் சுண்டுவிரலை அக்கா நீட்டினார்.

"வேற விரலை விடுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. ஜன்னலில் அவர் அத்தை என்றது அதுதான் முதல் தடவை.

"முப்பத்திரண்டு, ஆடாம பிடி" என்றார் அக்கா. துப்பாக்கியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தபடி, அதே விரலை உள்ளே விட்டு, ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாக நிதானமாகச் சுற்றினார்.