குழாய் வளையத்துக்கு வைத்த சந்தனம்

1. காலையில், துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கோழித்தீன் ஆலையில் நான் பொருத்திய கருவி சரியாக வேலை செய்தது.
2. மத்தியானம் ஆயுத பூசை. ஆலையை நிறுத்தி, அவலும் கடலையும் சாப்பிட்டோம்.
3. திரும்ப ஓடவிட்டதும் கருவி பூச்சியம் காட்டியது.
4. முகாமையாளர் சொன்னார்: "நாளைக்கும் இப்பிடியெண்டால் உங்கட வளையத்தைக் கழற்றிப்போட்டு, குழாயை வெட்டி உள்ளுக்கு ஒண்டு வைப்பம், பிள்ளை."

அரைத்த சோளம் எங்கள் ஆலையில் காற்றோடு குழாய்க்குள் பறக்கிறது. அளவு கூடினால் குழாய் அடைத்துக்கொள்ளும். உள்ளே அளவுகருவி வைத்தால் சோளம் அதை உரசியே தேய்த்துவிடும். அதனால்தான் வெளியிலிருந்து அளக்கிறேன் என்று முகாமையாளரிடம் அனுமதி கேட்டு வாங்கியிருந்தேன். உள்ளே பார்ப்பதற்காக அந்த இரும்புக் குழாயின் இடையில் ஒரு கண்ணாடிக் குழாய்த் துண்டு இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு செப்பு வளையம் போட்டேன். சீப்பு தலைமயிரில் உரசினால் மின்னேற்றம் வருவதுபோல, உரசிப் பறக்கும் சோளத்திலும் வரும். வளையம் அதை உணர்ந்து அளவைச் சொல்லும்.

வயர்களைப் பார்த்தேன், பழுதில்லை. ஏணியில் ஏறினேன். வளையத்தின் மேல் சந்தனம். இன்னும் காயாமல், கண்ணாடியைக் கடந்து இரும்புவரை ஒரே இழுப்பாக இழுபட்டிருந்தது. வளையம் உணரவேண்டியதெல்லாம் அந்த ஈரத்தின் வழியே இரும்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணை, இதுக்கு ஆர் சந்தனம் வைச்சது?"

கீழே நின்றவர் கப்பல்துறை என்ற ஊரிலிருந்து வரும் இயந்திர இயக்குநர். "நான்தான். எல்லா மெசினுக்கும் வைச்சிட்டு இதை மட்டும் விட ஏலுமே? புதுசெண்டாலும் எங்கட மெசின்தானே."

மின்வேலை செய்யும் மூதூர்க்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அவரும் எட்டிப் பார்த்தார். "வெச்சதா? மாப்பிள்ளைக்கும் இவ்வளவு பூச மாட்டாங்க, தங்கச்சி!"

"பொட்டு சின்னனாத்தான் வைச்சனான். ஏணி ஆடி, கை இழுபட்டிட்டுது. நீர் பிடிச்ச ஏணிதானே!"

நானா என் ஏணியை இறுக்கிப் பிடித்தார். நான் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். திரையில் எண் எழும்பியது. ஆனால் அண்ணையின் முகம் வாடிவிட்டது. நல்ல நாளில் வைத்ததை அழித்துவிட்டேனே. மிச்சச் சந்தனத்தை வாங்கி, வளையத்துக்குப் பக்கத்திலிருந்த கருவிப் பெட்டியின் மூடியில் ஒரு பொட்டு வைத்தேன்.

"அதில இருந்தால் பிரச்சினையில்லையோ?"

"இல்லை அண்ணை. பெரிசாயும் வைக்கலாம்."

"அப்ப தாங்கோ," என்று, நான் இறங்கியதும் ஏறி, குங்குமமும் சேர்த்துப் பெரிதாகவே வைத்தார்.

மறுநாள் முகாமையாளர் வளையம் சொன்ன அளவைத் தராசின் நிறையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. "சரி, வெட்டத் தேவையில்லை," என்றார்.

வளையம் இப்போது அந்தக் குழாயில் நிரந்தரமாக இருக்கிறது. இரண்டாவது குழாய்க்கும் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்.